கோராய்டு தடித்திருந்தால் பார்வை போய்விடுமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

வயது 46. ஏழு வருடங்களுக்கு முன் வலக்கண்ணில் பார்வையின் நடுவே சாம்பல் நிற வட்டம் ஒன்று தெரிந்தது. கதவுச் சட்டம், புத்தக வரி எல்லாம் நெளிந்தன. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது, சி.எஸ்.ஆர். என்றார்கள். மூன்று மாதத்தில் தானாகவே வடிந்தது. பிறகு இரண்டு முறை வந்து போயிற்று. நான்காவது முறை வந்த நீர் ஏழு மாதமாகியும் வடியவில்லை. ஸ்கேனில் கோராய்டு தடிமன் வலக்கண்ணில் 480 மைக்ரான், இடக்கண்ணில் 455 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 'பேக்கிகோராய்டு', அதாவது தடித்த கோராய்டு, என்று குறித்திருக்கிறார்கள். மருத்துவர் பி.டி.டி. லேசர் (மருந்து ஏற்றி ஒளி காட்டும் சிகிச்சை) செய்யலாம் என்று சொல்லியும் பயத்தில் தள்ளிப்போட்டிருக்கிறார். தூசி ஒவ்வாமைக்காக மூன்று வருடமாகத் தினமும் மூக்கில் ஸ்டீராய்டு ஸ்பிரே அடிக்கிறார். பலத்த குறட்டையும் உண்டு. கண் சத்து மாத்திரை சாப்பிடுகிறார். மன அழுத்தம்தான் காரணம் என்று எங்கோ படித்துவிட்டு வேலையை விடும் யோசனையில் இருக்கிறார். கடைசி ஸ்கேனில் 480 என்பது 462 ஆகியிருக்கிறது, 'குறைகிறதுதானே டாக்டர்?' என்கிறார். இடக்கண்ணுக்கும் வருமா, முழுக்கப் பார்வை போய்விடுமா, பிள்ளைகளுக்கு வருமா என்பவை மற்ற கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் 'மைக்ரான்' என்ற சொல் எட்டு இடத்தில் வருகிறது. 'ஏழு மாதம்' என்பது ஒரே ஒரு இடத்தில், அதுவும் போகிற போக்கில். எனக்குக் கவலை தருவது அந்த ஏழு மாதம்தான்.

480 சொல்வதும் சொல்லாததும்

விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் இரத்தக்குழாய்ப் படலம்தான் கோராய்டு. அதன் மேலடுக்கில் மயிரிழையை விட மெல்லிய நுண்குழாய்கள், அடியடுக்கில் பெரிய சிரைகள். இதற்கும் விழித்திரைக்கும் நடுவே ஒற்றை வரிசைச் செல்களால் ஆன நிறமிப் படலம் இருக்கிறது. கோராய்டிலிருந்து நீர் மேலே வராமல் தடுப்பதும், மேலே தேங்கும் நீரைக் கீழே இறைத்து வெளியேற்றுவதும் அதன் வேலை.

உங்களைப் போன்றவர்களின் கண்ணில் அடியடுக்குச் சிரைகள் புடைத்திருக்கும். கண்ணிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சுழல் சிரைகளில் ஓட்டம் தடைபட்டு, பின்னால் தேக்கம் ஏற்படுவதே இதற்குக் காரணம் என்பது இன்று வலுவாக இருக்கும் கருத்து. புடைத்த சிரைகள் மேலிருக்கும் நுண்குழாய்களை நசுக்குகின்றன. குழாய்ச் சுவர்கள் கசிகின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் நிறமிப் படலம் ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கும்போது விழித்திரைக்கு அடியில் நீர் சேர்கிறது.

ஆக, தடிமன் என்பது இந்தத் தேக்கத்தின் அடையாளம். அது 'குறைத்தே ஆக வேண்டிய வீக்கம்' அல்ல. பார்வை மையத்துக்கு அடியில் பெரியவர்களுக்குச் சராசரியாக 250 முதல் 300 மைக்ரான் இருக்கும். ஆனால் 400-ஐத் தாண்டியும் ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் பவர் உள்ள குட்டைக் கண்களில் கோராய்டு இயல்பாகவே தடிமனாக இருக்கும். கிட்டப்பார்வைக் கண்களில் மெலிந்திருக்கும். வயது கூடக்கூட பத்து வருடத்துக்குச் சுமார் 15 மைக்ரான் தேயும். ஒரே நாளில்கூட காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும். இந்த ஏற்ற இறக்கமே 20, 30 மைக்ரான் வரும். அளவுகோட்டை ஸ்கேன் எடுப்பவர் கையால் வைத்தால், இருவர் வைக்கும்போது இரண்டு விடை வரும். எனவே உங்கள் 480 என்பது 462 ஆனதை வைத்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், நாளைக்கு அது 490 ஆனால் பதறவும் வேண்டாம். இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே மகிழ்ச்சியான வரி அதுதான்.

இந்த நோயை 1866-லேயே ஆல்பிரெக்ட் ஃபொன் கிரேஃபே விவரித்துவிட்டார். கோராய்டின் முழு ஆழத்தையும் காட்டும் ஓ.சி.டி. (ஒளியால் எடுக்கும் குறுக்குவெட்டு ஸ்கேன்) முறை வந்ததென்னவோ 2008-ல்தான். 'பேக்கிகோராய்டு' என்ற பெயர் 2013-ல் வந்தது. நிறமிப் படலத்தில் சின்னச் சின்ன மாற்றம் மட்டும், நீர் கோக்கும் சி.எஸ்.ஆர்., புதுக்குழாய் முளைக்கும் நிலை, குழாய் நுனியில் பாலிப் (பலூன்போன்ற உப்பல்) உருவாகும் நிலை எனத் தனித்தனி நோய்களாகப் பார்க்கப்பட்டவை ஒரே அடிப்படையில் வருபவை என்று அதன்பிறகே புரிந்தது. இதைப் படித்துவிட்டு 'நான் இரண்டாம் படியில் இருக்கிறேன், அடுத்தது மூன்றாம் படியா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இது படிக்கட்டு அல்ல. முதல் நிலையிலேயே ஆயுளைக் கழிப்பவர்கள் உண்டு. நீர் கோக்காமலே நேராகப் புதுக்குழாய் நிலைக்கு வருபவர்களும் உண்டு.

நீர் நிற்கும் மாதங்கள்

முதல் மூன்று முறையும் காத்திருந்தது சரி. புதிதாக வரும் சி.எஸ்.ஆர். பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானே வடியும். அதைத் தாண்டி நின்றால் கணக்கு வேறு.

விழித்திரையின் ஒளி உணரும் செல்களுக்கு ஊட்டம் கீழிருக்கும் கோராய்டிலிருந்து நிறமிப் படலம் வழியாக வருகிறது. அந்தச் செல்களின் நுனி தினமும் கொஞ்சம் உதிரும். உதிர்வதை நிறமிப் படலம்தான் விழுங்கிச் சுத்தம் செய்யும். நடுவில் நீர் நின்றால் இரண்டும் தடைபடும். முதலில் நுனிகள் வெட்டப்படாத நகம்போல நீண்டு தொங்கும், ஓ.சி.டி. படத்தில் விழித்திரையின் அடிவிளிம்பு சொரசொரப்பாகத் தெரியும். பிறகு மஞ்சள் துகள்கள் சேரும். அடுத்து, படத்தில் வெள்ளைக் கோடாக ஓடும் 'எலிப்சாய்டு' கோடு அங்கங்கே அறுபடும். கடைசியாக அதற்கு மேலிருக்கும் செல் அடுக்கு மெலியும். அந்த அடுக்கு மெலிந்தபின் நீர் முழுதாக வடிந்தாலும் இழந்த பார்வை திரும்பாது. 'நீர் போய்விட்டது, ஆனால் எழுத்து இன்னும் மங்கல்' என்று சிலர் சொல்வது இதனால்தான்.

உங்கள் அறிக்கையில் தடிமன் எண்ணைத் தாண்டி மூன்றைத் தேடுங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். எலிப்சாய்டு கோடு மையத்தில் முழுதாக இருக்கிறதா? ஆட்டோஃப்ளோரசென்ஸ் படத்தில் (நிறமிப் படலம் தானே ஒளிர்வதைக் காட்டும் படம்), நீர் புவியீர்ப்பால் கீழே வழிந்த தடம் இருக்கிறதா? (இருந்தால், நீங்கள் நினைப்பதைவிட நீண்ட நாளாகக் கசிகிறது என்று பொருள்.) நிறமிப் படலம் ஓரிடத்தில் தட்டையாக, ஒழுங்கில்லாமல் தூக்கிக்கொண்டு, அடியில் இன்னொரு கோட்டோடு இரட்டைக் கோடாகத் தெரிகிறதா? இந்த மூன்றாவதுதான் அடுத்த பகுதிக்கான சாவி.

ஐம்பதுக்குப் பிறகு மாறும் நோய்

முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இந்த நோயின் தொல்லை நீர்க்கசிவு. ஐம்பதுக்குப் பிறகு தொல்லை வேறு வேடத்தில் வரலாம். நசுங்கிய நுண்குழாய்களால் மேலடுக்குக்கு இரத்தம் போதாமல்போக, கோராய்டிலிருந்து நிறமிப் படலத்துக்கு அடியில் புதுக்குழாய்கள் படர்கின்றன. இவை ஆரம்பத்தில் சத்தமில்லாமல் கிடக்கும். பிறகு கசியும். சிலருக்குக் குழாய் நுனி பலூன்போல உப்பிப் பாலிப் ஆகும். பாலிப் உடைந்தால் ஒரே நாளில் மையப் பார்வை மறைந்துவிடும்.

இதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது ஓ.சி.டி. ஆஞ்சியோகிராம். இதற்கு ஊசியோ சாயமோ தேவையில்லை. பாலிப் சந்தேகம் இருந்தால் பச்சைச் சாயம் ஏற்றி ஐ.சி.ஜி. ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். அயோடின் ஒவ்வாமையோ கல்லீரல் நோயோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஏழு வருடத்தில் உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுகூட எடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. நாள்பட்ட நீர் என்றாலே 'பழைய சி.எஸ்.ஆர்.தான்' என்று விட்டுவிடுவது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு. வடியாத நீருக்குக் காரணம், அடியில் ஒளிந்திருக்கும் புதுக்குழாயாக இருக்கலாம். அப்படியானால் சிகிச்சையே மாறும்: கண்ணுக்குள் போடும் வி.இ.ஜி.எஃப். (புதுக்குழாய் வளரத் தூண்டும் புரதம்) தடுப்பு ஊசி, பாலிப் இருந்தால் சில நேரம் அதோடு பி.டி.டி.யும். புதுக்குழாய் இல்லாத சாதாரண சி.எஸ்.ஆருக்கு அந்த ஊசி பலன் தருவதாக நிரூபணம் இல்லை.

பார்வை முழுக்கப் போய்விடுமா என்று கேட்டீர்கள். நாள்பட்ட நோயோடு பத்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களில் பெரும்பாலோர், ஒரு கண்ணிலாவது படிக்கவும் வண்டி ஓட்டவும் போதுமான பார்வையோடு இருக்கிறார்கள். சிறு பகுதியினருக்கு இரண்டு கண்ணிலும் மையப் பார்வை பலமாகக் குறைகிறது. அப்போதும் ஓரப்பார்வை நிற்கும். முழு இருட்டாகும் நோயல்ல இது. இடக்கண்ணில் 455 என்பது மட்டும் நோயாகாது. ஆனால் கண்காணிப்பில் அந்தக் கண்ணையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

பி.டி.டி. பற்றிய பயம்

'லேசரால் கண்ணைச் சுட்டுவிடுவார்களோ' என்று எழுதியிருக்கிறீர்கள். சுடும் லேசர் வேறு. அது பார்வை மையத்தை விட்டுத் தள்ளியிருக்கும் கசிவுப் புள்ளிக்கு மட்டும் ஆகும். பி.டி.டி.யில் வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கை நரம்பில் சுமார் பத்து நிமிடம் ஏற்றுவார்கள். புதுக்குழாய் நோய்க்கு முழு அளவு, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம். உங்களுக்கு அதில் பாதி, 3 மில்லிகிராம் போதும். பிறகு கண்ணில் லென்ஸ் வைத்து, 689 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் கசியும் பகுதியில் 83 விநாடி காட்டுவார்கள். அந்த ஒளி சூடேற்றுவதில்லை. குழாயில் வந்து சேர்ந்த மருந்தைத் தூண்டி, புடைத்த குழாய்களைச் சுருங்க வைக்கிறது. வலி இருக்காது.

மருந்து உடம்பில் இருக்கும்வரை வெயில் தோலைச் சுடும். பாதி அளவு மருந்துக்குப் பொதுவாக 48 மணி நேரம் நேரடி வெயிலையும் பலமான விளக்கையும் தவிர்க்கச் சொல்வார்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு மருத்துவமனைக்குப் போங்கள், திரும்பும்போது தேவைப்படும். மருந்து ஏறும்போது சிலருக்கு முதுகு வலிக்கும். ஊசி விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்தால் எரியும், உடனே சொல்லுங்கள். அபூர்வமாகப் பார்வை சில வாரம் குறைவதும், நிறமிப் படலம் தேய்வதும் உண்டு. போர்ஃபிரியா என்ற அபூர்வ இரத்த நிறமி நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. கல்லீரல் பாதிப்பு இருந்தால் யோசித்துத்தான் செய்வார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறு ஸ்கேன்.

மாற்று வழிகளையும் கேட்டிருக்கிறீர்கள். 2018-ல் வந்த பிளேஸ் ஆய்வில் மைக்ரோபல்ஸ் லேசரைவிட (துண்டு துண்டாக ஒளி பாய்ச்சி, சுடாமல் செய்யும் லேசர்)ப் பாதி அளவு பி.டி.டி. நன்றாக வேலை செய்தது. உங்கள் நண்பர் சாப்பிடுவதாக எழுதியிருக்கும் எப்லெரினோன் மாத்திரை, 2020-ல் பிரிட்டனில் நடந்த விசி ஆய்வில் வெற்று மாத்திரையைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. 2022-ன் ஸ்பெக்ட்ரா ஆய்வில் பி.டி.டி.யிடம் தோற்றது. அது இரத்தத்தில் பொட்டாசியத்தையும் ஏற்றும். சிறுநீரகம் பார்க்காமல், பொட்டாசியம் பார்க்காமல் அடுத்தவர் மாத்திரையைத் தொடவே கூடாது. ஒரு நடைமுறைச் சிக்கல்: வெர்ட்டிபோர்ஃபினுக்கு அண்மை ஆண்டுகளில் உலக அளவில் தட்டுப்பாடு இருந்தது. மருந்து கிடைக்காத நிலையில் மைக்ரோபல்ஸ் செய்வது தவறில்லை. இன்னொரு வருடம் சும்மா காத்திருப்பதைவிட அது மேல்.

ஸ்பிரேயும் குறட்டையும்

கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிப்போன மூக்கு ஸ்பிரே, உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம். இந்த நோயோடு மிக உறுதியாகத் தொடர்புபட்ட வெளிக்காரணம் ஸ்டீராய்டு. மாத்திரை மட்டுமல்ல, மூக்கு ஸ்பிரே, இன்ஹேலர், மூட்டில் போடும் ஊசி, தோல் களிம்பு எல்லாமே கணக்கில் வரும். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத வலிப் பொடிகளும் அப்படியே. மூக்குக்குத் தந்த மருத்துவரிடம் 'எனக்கு சி.எஸ்.ஆர். இருக்கிறது, ஸ்டீராய்டு இல்லாத ஆன்டிஹிஸ்டமின் ஸ்பிரே தர முடியுமா' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மாற்றுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இனி யார் எந்த ஊசி போட வந்தாலும் 'இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா' என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். கண்ணில் நீர் என்று கேட்டதும், விவரம் தெரியாமல் ஸ்டீராய்டையே எழுதிக்கொடுப்பவர்களும் உண்டு.

குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டால் அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. உறக்கப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். கண்ணுக்கு எவ்வளவு உதவுமோ, இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நிச்சயம் உதவும்.

வேலையை விட வேண்டாம். மன அழுத்தத்துக்கும் சி.எஸ்.ஆருக்கும் தொடர்பு சொல்லப்படுகிறது, மறுக்கவில்லை; ஆனால் வேலையை விட்டால் நீர் வடியும் என்று யாரும் காட்டியதில்லை. வருமானம் போன கவலையும் மன அழுத்தம்தானே? தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், அது போதும். கணினித் திரை இந்த நோயை உண்டாக்காது. கண் சத்து மாத்திரை, முதுமை மேக்குலா நோயின் (வயதானபின் பார்வை மையம் பழுதாகும் நோய்) ஒரு குறிப்பிட்ட நிலைக்காக ஆராயப்பட்டது. உங்களுக்கு அதனால் பயனில்லை, நிறுத்தலாம். சில குடும்பங்களில் இது ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு வருவது உண்மை, ஆனால் பிள்ளைகளுக்கு மரபணுச் சோதனை எதுவும் தேவையில்லை. அவர்களுக்கும் ஸ்டீராய்டைத் தேவையில்லாமல் தராமல் இருந்தால் சரி.

வீட்டில் பார்க்க வேண்டியது

ஆம்ஸ்லர் கட்டத்தாள் ஒன்றை வாங்குங்கள், அல்லது 10 செ.மீ. சதுரத்தில் 5 மி.மீ. கட்டங்களாக நீங்களே வரைந்து நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணையும் திறந்து பார்ப்பதில் பயனில்லை; நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். வலக்கண்ணில் ஏற்கெனவே நெளிவு இருப்பதால், இன்று எங்கே நெளிகிறது என்று பென்சிலால் குறித்துத் தேதி போட்டு வையுங்கள். பழைய குறியைவிடக் கூடினால், அல்லது இடக்கண்ணில் புதிதாக நெளிந்தால், அந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். நடுவில் திடீரெனக் கறுப்போ செம்மையோ படர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

நீர் வடிந்தபின் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஓ.சி.டி. எடுப்பது உங்கள் நிலைக்குப் பொருந்தும். இரட்டைக் கோடு தெரிந்தால் இடைவெளியைக் குறைத்து, ஆஞ்சியோகிராமையும் சேர்ப்பார்கள். பார்வை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஐம்பது வயதில் இதை நிறுத்திவிடாதீர்கள். புதுக்குழாய் தலைகாட்டும் காலம் அதுதான். ஸ்கேன் தாள்களை மட்டுமல்ல, படக் கோப்புகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு ஏழு வருடப் படங்களையும் வரிசையாகப் புரட்டிப் பார்ப்பது, புதிதாக எடுக்கும் ஒரு படத்தைவிட அதிகம் சொல்லும்.

புதுக் கண்ணாடி போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நீர் விழித்திரையை முன்னால் தள்ளுவதால் வலக்கண்ணில் பவர் தற்காலிகமாகப் பிளஸ் பக்கம் நகர்ந்திருக்கும். இப்போது போட்டால், நீர் வடிந்ததும் அந்தக் கண்ணாடி பொருந்தாது. பி.டி.டி. முடிந்து, ஸ்கேனில் நீர் இல்லை என்று பார்த்த பிறகு பவர் பாருங்கள்.